அக்கா கொரியப் பணக்காரியான நாள்

என் அக்கா விமானங்களைச் சுத்தம் செய்பவள். ஒரு விமானம் வந்து இறங்கி, பயணிகள் போன பிறகு, அடுத்த கூட்டம் ஏறுவதற்குள் உள்ளே புகுந்து இருக்கைகளைத் தட்டி, மேசைகளைத் துடைத்து, மறந்துவிட்டுப் போன காலுறைகளைப் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். நீண்ட காலம் இதைச் செய்து இப்போது ஒரு குழுவுக்குத் தலைவியாகிவிட்டாள். பாரிசுக்கு வெளியே, விமான நிலையத்துக்குப் பக்கத்தில், கூசேன்வில்லில் கராஜோடு ஒரு வீடு. பாதி அவர்களுடையது, பாதி வங்கியுடையது. அத்தான் பார்சல் வண்டி ஓட்டுகிறார். பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு குடும்பத்தை "வசதியான ஆக்கள்" என்று சொல்ல இவ்வளவும் தாராளமாகப் போதும். நான் அதற்குப் பக்கத்தில் மார்க்ஸ் டோர்மோயில் ஒற்றை அறையில் இருந்துகொண்டு, ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் ஒரு சேலைக்கடையில் வேலை பார்க்கிறேன். என்னைப் பற்றி அப்படி ஒருவரும் சொல்வதில்லை.

போனில் வாசிக்கும் படக்கதைகளான கொரிய வெப்டூன்களை எங்கள் குடும்பத்துக்குள் கொண்டுவந்த ஆள் நான்தான். மெட்ரோவில் நின்றபடி ஒற்றைக் கையால் வாசிக்க அவைதான் வசதி. படத்தைப் பெருவிரலால் மேலே தள்ளிக்கொண்டே போனால் கதை கீழிருந்து ஊறி வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது, அவள் என் போனை எட்டிப் பார்த்தாள். கண்ணாடியால் கட்டிய வானளாவிய மாளிகை ஒன்றில், நெற்றியில் முடி விழுந்த ஒரு பையன், காலைச் சாப்பாட்டு மேசையில் இருந்தபடியே நூறு பேரை வேலையை விட்டு நிறுத்திக்கொண்டிருந்தான்.

"ஆர் இந்த வடிவான பெடியன்?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான், மாட்டுப்பட்டுவிட்டாள். வெப்டூன் பிரெஞ்சில் இருந்தது. அக்காவின் பிரெஞ்சு விமான நிலையத்துப் பிரெஞ்சு. தூக்கு, விடு, கெதியா, அங்கே வை என்பதற்கு மேல் காதல் வசனத்துக்கெல்லாம் அது போகாது. அதனால் ஞாயிறுதோறும் நான் வாசித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. போன் சின்னது என்று மகனைப் பிடித்து, படத்தைத் தொலைக்காட்சியில் விழும்படி செய்வித்தாள். வெப்டூன் நெடுக்காக ஓடுவது, தொலைக்காட்சியோ அகலம். ஆகவே எங்கள் பணக்காரக் கதாநாயகன் எப்போதும் தவணை முறையில்தான் வந்தான். முதலில் முடி, பிறகு கழுத்துப்பட்டி, கடைசியில் சப்பாத்து. கால்பந்து பார்க்க முடியாமல் போன அத்தான் மூலையில் இருந்து குறை பிடித்துக்கொண்டிருப்பார்.

"பார், இவ்வளவு காசிருந்தும் சப்பாத்தைக் கழட்டிப்போட்டுத்தான் வீட்டுக்குள்ளை வருகினம். நல்ல சனம்" என்று ஒருநாள் பாராட்டும் கொடுத்தார்.

அக்கா பார்த்த விதம் வேறு. அந்த மாளிகையின் கண்ணாடிச் சுவர் வந்ததும் படத்தை நிறுத்தச் சொல்வாள். "இதை ஆர் துடைக்கிறது? ஆறு பேராவது வேணும். வெளிப்பக்கத்துக்குக் கயிறு கட்டி இறங்கோணும்" என்பாள். எத்தனையோ அத்தியாயங்கள் போயும் கண்ணாடி பளபளவென்றே இருந்தது. ஒருவராவது துணியோடு வரவில்லை. ஒருநாள் வீட்டு வேலைக்காரி ஒருத்தி தேநீர்த் தட்டோடு வந்தாள். வெப்டூன் கீறும் ஓவியர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, முக்கியமில்லாத ஆட்களுக்குக் கண், மூக்கு கீறமாட்டார்கள். வெறும் முகம், மேலே கொண்டை. அக்காவுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்த மனுசிக்குக் கண் கீறேல்லை! கண் தெரியாமல் எப்பிடித் தேத்தண்ணி கொண்டருவாள்? கீறுறவனுக்கு அவ்வளவு பஞ்சியோ?"

அந்த வாரம் முழுக்க அவள் வேலைக்குப் போன விமானங்களிலிருந்து இறங்கிப்போகும் பயணிகள் வாசலில் காத்து நிற்கும் தன்னைப் பார்க்கிறார்களா என்று கவனித்திருக்கிறாள். பார்க்கவில்லையாம்.

இருந்தும் கதையை விடவில்லை. எல்லாக் கதையும் ஏறத்தாழ ஒரே கதை. பெரிய நிறுவனக் குடும்பத்து வாரிசு ஒருவன், மூன்று இடத்தில் வேலை செய்யும் ஏழைப் பெண் ஒருத்தி. அவள் அவன் சட்டையில் கோப்பியை ஊற்றுவாள், அவன் காதலில் விழுவான். "நான் ஒரு பயணியின்ரை சட்டையிலை ஊத்தினால் எனக்குக் கடிதம்தான் வரும், கலியாணம் வராது" என்று அக்கா சொல்வாள். ஆனாலும் எப்போதும் ஏழைப் பெண்ணின் பக்கம்தான் நிற்பாள். அந்தப் பெண்ணின் தாய் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பூசையில் நோயாளருக்கான மன்றாட்டுக்கு, "கொரியாவில் வருத்தமாயிருக்கும் ஒரு தாய்க்காக" என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். கோயில் முழுக்க எழுந்து நின்று மன்றாடியது. வாசலில் நாலு பேர் வந்து "கொரியாவிலை உங்களுக்கு ஆர்?" என்று அக்கறையாக விசாரித்தார்கள். நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

எல்லாவற்றிலும் அவளுக்கு ஆகவே ஆகாத ஆள், பையனின் தாய். எந்தக் கதையிலும் அவள் உண்டு. முத்து மாலை, இறுகிய கொண்டை, பின்னால் கைகட்டி நிற்கும் ஒரு செயலாளர். ஏழைப் பெண்ணை ஒரு கஃபேக்குக் கூப்பிடுவாள். காசு வைத்த உறையை மேசையில் தள்ளி, "என் மகனை விட்டுவிடு" என்பாள். பெண் மறுத்தால் குவளைத் தண்ணீரை முகத்தில் விசிறுவாள். இந்தக் காட்சி வந்தால் அக்கா தலையணையைத் தொலைக்காட்சிக்கு எறிவாள். "பேய். உனக்கு நல்ல சா வராது" என்று ஒருமுறை திட்டியபோது மேலே ஒரு விமானம் போனது, மிச்சம் கேட்கவில்லை.

இப்படி ஒரு ஞாயிறு. ஏழைப் பெண் மழையில் நனைந்தபடி ரோட்டில் போய்க்கொண்டிருந்தாள். அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். என் பெறாமகன், அக்காவின் ஒரே பிள்ளை, வங்கியில் வேலை செய்பவன், இதைவிட நல்ல நேரம் வராது என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். வழக்கமாகப் பிரெஞ்சிலேயே பதில் சொல்பவன் அன்று தமிழில் தொடங்கினான்.

"அம்மா, நானும் ஒரு பிள்ளையை விரும்புறன்."

அக்கா படத்தை நிறுத்தினாள். "ஆர் பிள்ளை?"

லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக்கடைச் சமையலறையில் வேலை. ஊர் வன்னி. வந்து கொஞ்ச வருடம்தான். இங்கே தங்குவதற்கான கார்ட் இப்போதுதான் கிடைத்தது. இங்கே சொந்தம் என்று ஒருவரும் இல்லை. அவன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அக்காவின் கன்னத்தில் ஈரம் காய்ந்துகொண்டு வந்தது. தொலைக்காட்சியில் மழைக்கோடுகள் அப்படியே நின்றன.

அவன் போன பிறகு நான் சும்மா இருக்காமல் கேட்டேன். "இப்பதானே அவளுக்காண்டி அழுதனீங்கள்?"

"அவள் கொரியாக்காரி. அவளை நான் வீட்டுக்குள்ளை எடுக்கத் தேவையில்லையே" என்றாள் அக்கா.

இப்படிப்பட்ட காரியத்தைக் குழப்புவதற்கு எங்கள் ஆட்களிடம் பழைய வழி ஒன்று இருக்கிறது. நேரே யாரும் யாரோடும் பேசுவதில்லை. "ஆருடைய ஆக்கள்?" என்று ஊருக்கு ஒரு போன். அந்தக் கேள்விக்குள் சாதி உட்பட எல்லாம் அடங்கிவிடும். பிறகு பெண்ணின் மாமனிடமோ சித்தப்பனிடமோ ஒருவர் மூலம் "சரிவராது" என்று பட்டும் படாமலும் சொல்லியனுப்பினால் காரியம் முடிந்தது. ஆனால் இந்தப் பெண்ணுக்குப் பாரிசில் மாமனும் இல்லை, சித்தப்பனும் இல்லை. சொல்லியனுப்ப எதிர்ப்பக்கத்தில் ஆளே கிடையாது. அக்கா தானே நேரில் போய்ச் சொல்ல வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று அவளுக்குத் தெரிந்த ஒரே வழியை எங்கே படித்திருந்தாள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

"கஃபேக்குக் கூப்பிடு அவளை" என்றாள்.

மகனுக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டாள். எனக்கு அந்தப் பிள்ளையைத் தெரியும், அந்தக் கடையில்தான் தோசை சாப்பிடுவேன். அக்காவின் கண்ணீரை நம்பியிருந்த பெறாமகனின் முகம் என்னைப் போட்டு வாட்டியது. ஆனால் நான் போகாவிட்டால் அக்கா தனியாகப் போவாள், அது இன்னும் மோசம். போய்ச் சொன்னேன். அந்தப் பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டு, "எந்தக் கஃபே?" என்று மட்டும் கேட்டது.

மத்தியானச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் இடையில் அவளுக்கு ஓய்வு. தூரம் போக முடியாது. ஆகவே பெரிய ஹோட்டல் ஒன்றில் நடத்த வேண்டும் என்ற அக்காவின் திட்டம் கைவிடப்பட்டு, லா சப்பல் மெட்ரோவுக்கு எதிரே ஒரு பிரெஞ்சுக் கஃபே தெரிவாயிற்று. பிரெஞ்சுக் கஃபே என்றால் எங்கள் ஆட்கள் கண்ணில் படமாட்டோம் என்பது அக்காவின் எண்ணம்.

கார் நிறுத்த இடம் கிடைக்காது என்று கொரியப் பணக்காரத் தாய் அன்று ஆர்.இ.ஆர். ரயிலில் வந்தாள். ரயில் வழக்கம்போலத் தாமதம். வெல்வெட் கோட்டும், கலியாணத்துக்குப் போடும் முத்து மாலையும், இறுக்கிக் கட்டிய கொண்டையுமாக, யாரோ காலை மிதித்துவிட்ட எரிச்சலோடு கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்து வந்தாள். கஃபேக்குள் போனதும் ஒரு மேசையைத் தெரிந்தெடுத்து இருந்துகொண்டு, என்னைப் பின்னால் நிற்கச் சொன்னாள்.

"ஏன்?"

"நீதான் செயலாளர்."

பரிசாரகர் வந்து இருக்கச் சொன்னார். வேண்டாம் என்றேன். கதிரை உடைந்திருக்கிறதோ என்று வேறொன்று கொண்டுவந்தார். அதற்கும் வேண்டாம் என்றேன். எனக்கு முதுகில் வருத்தம் என்று முடிவு செய்து, குஷன் ஒன்றும் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார். நான் குஷனைப் பிடித்தபடி நின்றேன்.

அந்தப் பிள்ளை வந்தது. வெங்காய வாசனை, நெற்றியில் சமையலறைத் தொப்பி அழுத்திய தடம். வெளியே மழை இல்லை. ஆனால் மழைக்கோட்டுப் போட்டு, கழுத்துவரை இழுத்துப் பூட்டி, தலைமூடியையும் போட்டுக்கொண்டிருந்தாள். "வணக்கம் அன்ரி" என்று இருந்துவிட்டு, மேசையிலிருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்தாள்.

"கோட்டைக் கழட்டும்" என்றாள் அக்கா கடுமையாக.

"வேண்டாம் அன்ரி. பின்னேர வேலைக்கும் இந்தச் சட்டைதான். நனைஞ்சால் மாத்த வேறை இல்லை."

அக்கா விழித்தாள். எனக்கு விளங்கிவிட்டது. "நீரும் வாசிக்கிறனீரோ?" என்று செயலாளர் வாயைத் திறந்தேன்.

"அதை வாசிச்சுத்தான் அக்கா எனக்குப் பிரெஞ்சு வந்தது. கஃபேக்கு வரச்சொல்லி நீங்கள் சொல்லேக்கையே தெரியும்" என்றாள் அவள் என்னிடம். பிறகு அக்காவிடம் மரியாதையாக, "நீங்கள் எந்தக் கதையைப் பாக்கிறனீங்கள்?" என்று கேட்டாள்.

அக்கா பதில் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொன்னாள். இரண்டு பேரும் ஒரே கதையைத்தான் பார்க்கிறார்கள். அந்தப் பிள்ளை எங்களைவிட நிறைய அத்தியாயம் முன்னால் போயிருந்தாள். அக்காவின் முகத்தில் ஒரு யுத்தம் நடந்தது. வந்த வேலையைப் பார்ப்பதா, அடுத்தது என்ன நடக்கிறது என்று கேட்பதா. கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அந்தத் தாய் திருந்துறாவோ?"

"இல்லை அன்ரி. படியாலை விழுந்து, ஆரையும் ஞாபகமில்லாமல் போறா. அந்தப் பெட்டைதான் வாயிலை சாப்பாடு தீத்திறவள்."

"படியாலையோ?" அக்கா கோட்டைச் சரிசெய்துகொண்டாள். தனக்கே யாரோ சாபம் போட்டதுபோல ஆகிவிட்டது அவளுக்கு.

"எனக்கு அந்தப் பெட்டையிலை அவ்வளவு பாவம் வாறேல்லை" என்று பிள்ளை தொடர்ந்தாள். "ஏழை ஏழை எண்டு சொல்லுகினம். ஆனால் மொட்டைமாடியிலை அவளுக்குத் தனி அறை, வெளியிலை மேசை, கதிரை, பூச்சாடி. நாங்கள் ஒரு அறையிலை நாலு பேர். ஒராள் எழும்பி நிண்டால்தான் மற்ற ஆள் பெட்டியைத் திறக்கலாம்."

நானும் அதையேதான் பலமுறை நினைத்திருக்கிறேன். அந்தக் கதைப் பெண்ணின் மொட்டைமாடியில் என் வீடு இரண்டு தடவை அடங்கும். ஆனால் செயலாளர் தலையாட்டக் கூடாது.

அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த வசனத்துக்கு ஆயத்தமானாள். "இஞ்சை பாரும், என்ரை மகன்..." என்று தொடங்கிய அதே நேரம் கஃபேயின் சமையலறைக் கதவு திறந்தது. வெள்ளை ஏப்ரனோடு மன்னார் அண்ணை ஒருவர், எங்கள் கோயில் பாடகர் குழுவில் தாளம் போடுபவர், வாயெல்லாம் பல்லாக வந்தார். பிரெஞ்சுக் கஃபே என்றாலும் உள்ளே பொரிப்பது நாங்கள்தான் என்பதை அக்கா எப்படி மறந்தாள் என்று தெரியவில்லை.

"அக்கா! கண்ணாடியாலை பாத்தன், நீங்களோ எண்டு. இதென்ன, ஆற்றையும் கலியாணமோ, இந்த வெளிக்கிடுகை?" என்றார். ஒரு பெரிய தட்டு நிறைய உருளைக்கிழங்குப் பொரியலை எங்கள் நடுவில் வைத்தார். "இது என்ரை கணக்கு. சாப்பிடுங்கோ. கொரியாவிலை அந்த அம்மாவுக்கு இப்ப எப்பிடி?"

"சுகம்" என்றாள் அக்கா. வேறு என்ன சொல்வாள்?

அவர் போன பிறகு அந்தப் பிள்ளை பொரியலைத் தொடவில்லை. மழைக்கோட்டின் தலைமூடியைப் பின்னால் தள்ளிவிட்டு, முதல் தடவையாக அக்காவை நேராகப் பார்த்தாள். "அன்ரி, ஆறு மணிக்கு நான் திரும்பிப் போகோணும். நீங்கள் கொண்டுவந்ததைத் தாங்கோ" என்றாள். குரல் மெல்லியதாக இருந்தது. மழைக்கோட்டுக்குள்ளே அவள் பயந்துபோயிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் பட்டது. அவளுக்கு என் பெறாமகனை உண்மையாகவே பிடித்திருந்தது. அவனை இழக்கப்போகிறோம் என்று தெரிந்தே ஓய்வு நேரத்தில் வந்து இருக்கிறாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, குஷனைக் கீழே வைத்தேன்.

அக்கா கைப்பையிலிருந்து உறையை எடுத்து, கதையில் செய்வதுபோலவே இரண்டு விரலால் மேசையில் தள்ளினாள்.

உறையின் மேல், தங்க நிறத்தில் அச்சிட்ட, ஒன்றோடொன்று பின்னிய இரண்டு மோதிரம். கீழே வளைந்த எழுத்தில் 'மணமக்களுக்கு நல்வாழ்த்துகள்'.

எங்கள் வீடுகளில் வேறு உறை இருப்பதில்லை. சனிக்கிழமை தோறும் ஏதாவது ஒரு ஹோலில் கலியாணமோ பிறந்தநாளோ இருக்கும், ஆகவே கட்டுக் கட்டாக வாங்கி மேசை லாச்சியில் வைத்திருப்போம். அக்கா அவசரத்தில் மேலே கிடந்ததை எடுத்து வந்திருக்கிறாள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அக்காவுக்கு இன்னும் தெரியவில்லை, அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி முகத்தைக் கல்லாக்கி வைத்திருந்தாள். கதையில் அந்தத் தாய் அப்படித்தான் செய்வாள்.

அந்தப் பிள்ளை மோதிரங்களைப் பார்த்தாள். மெதுவாகத் திறந்தாள். உள்ளே தாள்கள். அவற்றோடு, உறையின் உட்புறத்தில் செலோடேப் போட்டு ஒட்டிய ஒற்றை ஈரோ நாணயம்.

இதை எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. நல்ல காரியத்துக்குக் கொடுக்கும் காசு பூச்சியத்தில் முடியக்கூடாது, மேலே ஒன்று வைக்க வேண்டும். ஐம்பது என்றால் ஐம்பத்தொன்று. அந்த ஒன்று, இன்னும் பெருகட்டும் என்பதற்கு. செத்தவீட்டுக்கு யாரும் அதை வைப்பதில்லை. ஒரு பெண்ணைத் துரத்திவிடக் கொண்டுவந்த காசிலும் அக்கா அதை வைத்து, கிலுங்காமல் இருக்க ஒட்டியும் இருந்தாள்.

"ஒரு ஈரோவும் வைச்சிருக்கிறியள்" என்றாள் அந்தப் பிள்ளை.

அக்கா திரும்பிப் பார்த்தாள். உறையைப் பார்த்தாள், மோதிரத்தைப் பார்த்தாள், நாணயத்தைப் பார்த்தாள். கொண்டை மட்டும்தான் அசையாமல் இருந்தது. "அது... கை பழக்கத்திலை வைச்சிட்டுது" என்றாள்.

பிள்ளை நகத்தால் செலோடேப்பைச் சுரண்டி நாணயத்தை எடுத்துக்கொண்டு, உறையைத் திருப்பித் தள்ளினாள். "எனக்கு இது மட்டும் காணும் அன்ரி."

"என்ன காணும்?"

"கலியாணம் நடந்தால் ஹோலிலை என்வலப் போடப் பெட்டி வைப்பினமெல்லோ? அதுக்குள்ளை விழுறதெல்லாம் உங்கடை பக்கத்து ஆக்கள் போடுறதுதான். என்ரை பக்கத்தாலை போட ஒருத்தரும் இல்லை. அவர் அதை யோசிச்சிருக்கமாட்டார். நான் ஒவ்வொரு நாளும் யோசிக்கிறனான்." நாணயத்தைக் கைக்குள் மூடிக்கொண்டாள். "கலியாணம் நடக்காட்டிலும் பரவாயில்லை. என்ரை பேருக்கு ஒராள் ஒரு ஈரோ வைச்சது எண்டு இருக்கட்டும்."

வெளியே மேம்பாலத்தில் மெட்ரோ கடகடவென்று போனது. அக்கா உறையின் வாயை மடித்து மூடினாள். பிறகு உறையைத் திரும்ப அவள் பக்கம் தள்ளினாள்.

"உனக்கென்ன விசரே? நான் ஒரு ஈரோ வைச்சனெண்டு வெளியிலை தெரிஞ்சால் கோயிலடிக்குப் போகேலுமே? முழுசா எடு."

"முழுசா எடுத்தால் நான் அவரை விட்டிட்டுப் போகோணுமெல்லோ? கதையிலை அப்பிடித்தானே."

"ஆர் சொன்னது? நான் அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை" என்றாள் அக்கா.

அது உண்மைதான். அந்த வசனத்தைச் சொல்லி முடிக்க ஒருவரும் அவளை விடவில்லை. அவள் பொய் சொல்லவில்லை என்பதில் எனக்கு அன்று பட்ட ஆறுதலை என்னால் எழுதிக் காட்ட முடியாது. அந்தப் பிள்ளை மேசையில் தலையைக் கவிழ்த்து, சத்தமில்லாமல் அழத் தொடங்கியது. அக்கா எழுந்து, வெல்வெட் கோட்டைச் சுருட்டிப் பிடித்தபடி மேசையைச் சுற்றிப் போய், அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் இடித்துக்கொண்டு இருந்தாள்.

"கொம்மா ஊரிலை இருக்கிறாவெல்லோ? நம்பரைத் தா."

"இப்பவோ? அங்கை பொழுதுபட்டிட்டுது அன்ரி."

"முழிச்சிருப்பாவோ?"

"ஓம். என்ரை போன் வந்தால்தான் படுக்கிறவ."

அவள் தன் போனிலேயே அழைத்துக் கொடுத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. பிறகு எங்கோ நாய் குரைக்கும் சத்தத்தோடு, "என்ன பிள்ளை, வேலைக்குப் போகேல்லையே? என்ன நடந்தது?" என்று ஒரு தாய் பயந்து கேட்பது எனக்கே கேட்டது. அக்கா இருந்த இடத்தை விட்டு எழுந்து நின்றுகொண்டாள்.

"ஒண்டும் இல்லை அக்கா, பயப்பிடாதேங்கோ" என்றாள். "நான் பெடியன்ரை தாய் கதைக்கிறன்."